வாவி மீன் ஈரலுக்கு ஸ்லைட் போட்டுத் தரும் கூடம்: மாரியும் கோடையும், ஆணும் பெண்ணும் தெரிகிறதா?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒற்றை அறையில் இயங்கும், நுணுக்குக்காட்டியில் பார்க்க ஸ்லைட் செய்து தரும் சிறிய தனியார் கூடம் இது. அழுகாமல் மருந்தில் நிலைப்படுத்திய இழையத் துண்டைக் கொடுத்தால் மெழுகில் பதித்து, 5 மைக்கிரோமீற்றர் தடிப்பில் வெட்டி, சாயமூட்டி, மூடித்துண்டு ஒட்டித் தருகிறார்கள். வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விலங்கியல் படித்து இறுதியாண்டு ஆய்வுக்கு மீன் ஈரலை எடுப்போருக்காக இந்த மதிப்புரை. பெயர் வேண்டாம், தேடுகிறவருக்கு இடம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெட்டும் கை நல்ல கை. சாயமும் பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. ஆனால் மீன் ஈரலில் பருவ மாற்றத்தையும் பால் வேறுபாட்டையும் பார்க்க வருகிறவருக்கு அது மட்டும் போதாது. மனித இழையத்துக்குப் பழகிய வழக்கத்தை அப்படியே மீனுக்கும் செய்கிறார்கள். நாம் தேடிப் போகும் சான்றில் பாதி அந்த வழக்கத்திலேயே கரைந்து போகிறது. எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை நாமே செய்துகொண்டு போக வேண்டும் என்று தெரிந்தால் இந்தச் சேவை மிகவும் பயன்படும். தெரியாமல் போனால் அழகான ஸ்லைட்டுகள் கிடைக்கும், பதில் கிடைக்காது.

ஈரலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெண் மீனின் சூலகம் முதிரத் தொடங்கும்போது சூற்புடைக் கலங்கள் ஈஸ்திரோஜன் ஓமோனைச் சுரக்கின்றன. அது குருதி வழியே ஈரலுக்குப் போய், முட்டையின் கருவூணுக்கான மூலப் புரதமாகிய விற்றெலோஜெனினைச் செய்யச் சொல்கிறது. ஈரல் செய்து குருதியில் விடுகிறது, சூல்கள் எடுத்துக்கொள்கின்றன. முட்டையின் மஞ்சள் பிறக்கும் இடம் சூலகம் அன்று, ஈரல். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். புரதம் செய்கிற கலத்தில் அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலை பெருகும், அதிலுள்ள ஆர்.என்.ஏ ஹீமட்டொக்சிலின் என்ற நீலச் சாயத்தை இழுப்பதால் குழியவுரு ஊதாநீலமாகத் தெரியும். கரு பெருக்கும், அதனுள்ளே கருவன் எடுப்பாகத் தெரியும். சேமித்து வைத்த கிளைக்கோசனும் கொழுப்பும் குறையும். முட்டையிட்டு முடிந்ததும் ஈரல் சுருங்கி, பிறகு மெல்ல மெல்ல மீண்டும் சேமிக்கத் தொடங்கும். ஆணின் ஈரலில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு கூர்மையாக இராது. கலங்கள் கூடுதலாக வெளிறி, கிளைக்கோசனும் கொழுப்பும் நிறைந்தபடி இருக்கும். ஆணிடமும் விற்றெலோஜெனின் மரபணு உண்டு, ஈஸ்திரோஜன் போதாததால் அது உறங்கிக் கிடக்கிறது. கழிவுநீர் வழியே ஈஸ்திரோஜன் போன்ற பொருள்கள் வந்து சேரும் நீரில் ஆண் மீனும் இந்தப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். 1990களில் இங்கிலாந்தின் ஆறுகளில் செய்த ஆய்வுகள் அதைக் காட்டின. ஆகவே ஆண் ஈரலில் பெண் ஈரலின் சாயலைக் கண்டால் அது சாதாரண விடயமல்ல. அப்படிச் சொல்வதற்கு முன் அது சாயமூட்டியதில் வந்த பிழையில்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த உறுதியைப் பற்றியதுதான்.

கூடத்தைச் சோதித்த முறை இது. வீச்சு வலையில் உயிரோடு வந்த ஒரே திலாப்பியாவின் ஈரலிலிருந்து ஒரே மடலில் மூன்று துண்டு எடுக்கப்பட்டது. முதலாவது கரையிலேயே நிலைப்படுத்தியில் போனது. இரண்டாவது பொலித்தீன் பைக்குள் ஐஸ் மேல் இரண்டு மணித்தியாலம் இருந்து பிறகு போனது. மூன்றாவது ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் கிடந்து, காலையில் இளகிய பின் போனது. மூன்றையும் வெறும் இலக்கமிட்டுக் கொடுத்தோம்.

முதல் ஸ்லைட் புத்தகத்தில் வரைந்ததுபோல் இருந்தது. ஈரற்கலங்கள் இரட்டை வரிசையாக, நடுவே குருதிக் குடாக்கள் திறந்து, அவற்றில் கருவுள்ள செங்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியபடி. வாயினாளக் கிளையைச் சுற்றிக் கணையத்தின் சுரப்பிக் கலங்கள் தெரிந்தன. அடிப்பக்கம் ஊதாவாக, உச்சியில் சிவப்பு மணிகள் குவிந்து. திலாப்பியாவில் கணையம் இப்படி ஈரலுக்குள் புகுந்துதான் இருக்கும், முதன்முறை பார்ப்பவர் அதைக் கட்டி என்றோ நோய் என்றோ எழுதிவிடக் கூடாது. இரண்டாவது ஸ்லைட்டில் கலங்களின் எல்லை மங்கி, கருக்கள் சற்றுச் சுருங்கி இருந்தன. நிறத்தைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்ல முடியாத நிலை.

மூன்றாவது ஸ்லைட்தான் எல்லோரும் பார்க்க வேண்டியது. கலத்துக்குள்ளும் கலங்களுக்கு நடுவிலும் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். அவசரமாகப் பார்த்தால் 'கொழுப்பு நிறைந்த ஈரல், கோடைச் சேமிப்பு' என்று எழுதத் தோன்றும். உண்மையில் அவை ஐஸ் பளிங்குகள் குத்திய இடங்கள். கொழுப்பு கரைந்து போன இடம் வட்டமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும், கருவை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கும். கிளைக்கோசன் இருந்த இடம் விளிம்பில்லாமல் பஞ்சு பிய்த்ததுபோல் இருக்கும், கரு பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். ஐஸ் குத்திய ஓட்டைக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. கல எல்லையைக் கிழித்துக்கொண்டு நீண்டு போகும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர் பருவ மாற்றம் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. கூடத்துக்காரர் மூன்றையும் ஒரே சீராக வெட்டித் தந்தார்கள். ஆனால் மூன்றாவது துண்டு உறைந்து இளகியது என்ற குறிப்பு வரவில்லை. மீன் இழையம் எடுக்கும் கூடம் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

ஆகவே மீன் வாங்கும் இடத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. சந்தையில் பளபளப்பாகக் கிடக்கும் மீனை வாங்காதீர்கள். இரவில் போட்டு விடியற்காலை எடுக்கும் செவுள் வலையில் மீன் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. 30 பாகைக்கு மேல் வெப்பமுள்ள நாளில் ஈரல் தன்னைத்தானே செரிக்கத் தொடங்க நெடுநேரம் வேண்டாம், கிளைக்கோசன் அதிலும் முந்திக் கரையும். வீச்சு வலைக்காரரிடம் முதல்நாளே சொல்லி வைத்து, வாளியில் வாவித் தண்ணீரோடு உயிருள்ள மீனாக வாங்குங்கள். கராம்பெண்ணெயைப் பத்து மடங்கு மதுசாரத்தில் கலக்கி, அந்தக் கலவையில் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் வீதம் நீரில் விட்டால் மீன் துடிக்காமல் அடங்கும். செவுள் மூடி அசைவு நின்று பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நிறை பாருங்கள், நீளம் அளவிடுங்கள், பிறகு வயிற்றைத் திறங்கள்.

திறக்கும்போது பித்தப்பையில் கத்தரி படக்கூடாது. பட்டால் பித்தம் தொட்ட இடமெல்லாம் பச்சையாகி இழையம் வெந்ததுபோல் கெட்டுவிடும், அந்த ஈரலை நிறை பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். ஈரலைத் தூக்கி நிறை பார்த்து, எப்போதும் ஒரே மடலின் நடுப்பகுதியில் 4 மில்லிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் ஒரு துண்டு வெட்டுங்கள். விரலால் பிடிக்காமல் கூர்மையான அலகால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். நசுங்கிய ஓரத்தில் கருக்கள் கரிய கோடாக இழுபட்டிருக்கும், அதை அளக்க முடியாது. நிலைப்படுத்தியின் கனவளவு துண்டின் கனவளவைப் போல 15 முதல் 20 மடங்கு இருக்கட்டும். சின்னப் போத்தலில் ஐந்து மீனின் ஈரலைத் திணித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. ஓரத்தில் மட்டும் நிலைப்பட்டு நடு அழுகியிருக்கும், ஒரு மாத உழைப்பு அதோடு போய்விடும்.

நிலைப்படுத்தியைப் பற்றித்தான் இந்தக் கூடத்தின் மேல் எங்களுக்கு உள்ள பெரிய குறை. கேட்டால் அவர்களே போத்தலில் ஊற்றித் தருகிறார்கள், வசதிதான். ஆனால் ஒரு தடவை கொடுத்தது, அமிலம் ஏறாமல் பிடித்து நிறுத்தும் தாங்கல் உப்புச் சேர்க்காத வெறும் நீரில் ஐதாக்கிய போமலின். போமலின் வைத்திருக்க வைத்திருக்க அமிலமாகும். அமிலப் போமலின் குருதி நிறைந்த இழையத்தைத் தொட்டால் கபிலமும் கறுப்புமாகப் பொடிமணிகள் படியும். ஈரல் முழுக்கக் குருதிதான். இதில் என்ன ஆபத்து என்றால், மீன் ஈரலில் இயல்பாகவே நிறப்பொருள் தின்கலங்களின் மையங்கள் உண்டு. மீன் முதிரும்போதும் பட்டினி கிடக்கும்போதும் நீர் மாசடையும்போதும் அவை பெருகும். பருவத்துக்குப் பருவம் அவற்றை எண்ணி ஒப்பிடுவது பலருடைய ஆய்வின் நோக்கமாகவே இருக்கும். போமலின் படிவு அந்த எண்ணிக்கைக்குள் புகுந்தால் முழு அட்டவணையும் பொய்யாகிவிடும்.

இரண்டையும் பிரிக்கலாம். தின்கல மையத்தில் நிறப்பொருள் கலத்துக்குள் அடங்கிக் கூட்டமாக இருக்கும். போமலின் படிவு கலம், குடா என்று பாராமல் மேலே தூவியதுபோல் கிடக்கும், முனைவாக்கிய ஒளியில் மினுங்கும். மெழுகு நீக்கிய வெட்டைப் பிக்றிக் அமிலம் நிரம்பிய மதுசாரக் கரைசலில் வைத்தெடுத்தால் படிவு கரைந்துபோகும், தின்கலத்தின் நிறப்பொருளாகிய மெலனின் அப்படியே நிற்கும். இதைச் செய்யச் சொன்னபோது கூடத்தில் மறுக்காமல் செய்து தந்தார்கள், ஸ்லைட்டுகள் தெளிந்தன. ஆனாலும் வராமல் தடுப்பதே நல்லது. நீங்களே கலக்குங்கள்: கடையில் கிடைக்கும் செறிந்த போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொசுபேற்று (ஒரு நீர் கொண்டது) 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று (நீரற்றது) 6.5 கிராம். பிஎச் 7க்கு அருகில் நிற்கும். உப்பில் எத்தனை நீர் மூலக்கூறு என்று போத்தலில் பார்த்தே நிறுக்க வேண்டும், அதைப் பாராமல் நிறுத்தால் தாங்கல் நினைத்த இடத்தில் நிற்காது. 24 மணித்தியாலம் நிலைப்படுத்தியபின் 70 வீத மதுசாரத்துக்கு மாற்றினால் கூடத்துக்கு எடுத்துப் போகும்வரை கவலையில்லை. காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு கலக்குங்கள், வீட்டுக் குசினியில் அல்ல.

மெழுகு வேலை பற்றி நல்லபடியாகவே எழுதலாம். மட்டக்களப்பின் சூட்டில் 56 முதல் 58 பாகையில் உருகும் மெழுகுகூட வெட்டும்போது இளகி நிற்கும், நாடா ஒட்டிச் சுருளும். இவர்கள் கட்டையின் முகத்தை முதலில் சீவி, பின் ஐஸ் துண்டின் மேல் முகம் கீழாகப் பத்து நிமிடம் வைத்து, ஈரத்தைத் துடைத்து வெட்டுகிறார்கள். அந்தக் குளிரில் நாலைந்து வெட்டு நன்றாக வரும், பிறகு மறுபடி ஐஸ். பொறுமையான வேலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விடியற்காலையில் வெட்டித் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டை மிதக்கவிடும் நீர்த்தொட்டி 45 பாகையளவில். வெட்டு சுருக்கமில்லாமல் விரிகிறது. நாங்கள் பார்த்த ஸ்லைட்டுகளில் கத்திக் கீறல் மிகக் குறைவு.

ஒரேயொரு கவலை, மதுசாரத்தில் விடும் நேரம். மனித இழையத்துக்கான நீண்ட நேரத்தையே சின்ன மீன் ஈரலுக்கும் கொடுக்கிறார்கள். அதனால் ஈரல் அளவுக்கு மீறி வரண்டு, வெட்டில் ஓட்டு வெடிப்புப் போலக் கோடுகள் விழுகின்றன. 4 மில்லிமீற்றர் துண்டுக்கு 70, 90, 100, 100 என்ற படிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம், சைலீன் இரண்டு தடவை அரை மணித்தியாலம், மெழுகு இரண்டு தடவை ஒரு மணித்தியாலம் போதும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கொழுப்புக் கூடிய ஈரலுக்கு மட்டும் கடைசி மதுசாரத்தையும் சைலீனையும் கொஞ்சம் நீட்டலாம். எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்கிறார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் பழைய வழக்கம்தான்.

இனிச் சாயம். ஹீமட்டொக்சிலின்-இயோசின் ஒவ்வொரு ஸ்லைட்டும் தனியாகப் பார்க்க அழகு. ஐப்பசியில் போட்டதையும் சித்திரையில் போட்டதையும் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தெரியும். ஹீமட்டொக்சிலின் பழசாகப் பழசாக வலு குறையும், அமில மதுசாரத்தில் ஒரு முக்குக் கூடினால் நீலம் போகும், நீலம் ஏற்றும் நீர் மாறினால் சாயலே மாறும். மாரியில் தொட்டியில் பிடித்த மழைநீரில் காரத்தன்மை இல்லை. அதில் கழுவிய வெட்டுகள் சிவப்பூதாவாகவே நின்றுவிடுகின்றன. குழியவுரு ஊதாநீலமாக இருந்தால் பெண், புரதம் செய்கிறது என்று நாம் வாசிக்கப் போகிறோம். அந்த நிறத்தை மாரி மழைநீரே மாற்றிவிட்டால், மீனின் பருவத்தை அல்ல, கூடத்தின் பருவத்தையே அளந்தவர்களாவோம். இதற்காக நீலமேற்றும் கரைசலைத் தனியாகக் கலக்கச் சொல்லுங்கள்: லீற்றர் நீருக்குச் சோடியம் இருகாபனேற்று 3.5 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். மழையோ கிணறோ, நிறம் ஒன்றாக வரும்.

அதைவிட முக்கியமானது, மாதா மாதம் சாயமூட்டச் சொல்லாதீர்கள். மாதா மாதம் மெழுகில் பதித்து மட்டும் வையுங்கள். மெழுகுக் கட்டை ஆண்டுக்கணக்கில் கெடாது, வெயில் படாத குளிர்ந்த இடமாக இருந்தால் போதும். பன்னிரண்டு மாதமும் முடிந்த பின் எல்லாவற்றையும் ஒரே கிழமையில் வெட்டி, ஒரே சாயத்தில், ஒவ்வொரு தட்டிலும் ஆணும் பெண்ணும் மாரியும் கோடையும் கலந்திருக்குமாறு அடுக்கிச் சாயமூட்ட வேண்டும். கூடத்தில் இதற்குச் சம்மதிக்கிறார்கள், கட்டைகளைப் பாதுகாத்தும் தருகிறார்கள். எங்கள் கணக்கில் இந்தச் சேவையின் மிகப் பெரிய பலன் இதுதான். யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களாகச் சொல்வதுமில்லை.

கிளைக்கோசனுக்கான பாஸ் (PAS) சாயம் கேட்டால் உண்டு. மஜெந்தா நிறம் நன்கு எடுக்கிறது. ஆனால் ஒப்பீட்டு ஸ்லைட்டை வழக்கமாகத் தருவதில்லை, நீங்கள் கேட்க வேண்டும். பாஸ் கிளைக்கோசனை மட்டுமல்ல, சீதப் பொருளையும் அடித்தள மென்சவ்வையும் தின்கல நிறப்பொருள் சிலவற்றையும் சிவப்பாக்கும். பக்கத்து வெட்டை முன்கூட்டியே அமிலேசு நொதியில் வைத்துக் கிளைக்கோசனைச் செரிக்க விட்டு, அதையும் சேர்த்துச் சாயமூட்டினால், முதலாவதில் சிவந்து இரண்டாவதில் சிவக்காத இடம்தான் கிளைக்கோசன். நொதி இல்லையென்றால் வடித்த உமிழ்நீர் 37 பாகையில் அரை மணித்தியாலம் அந்த வேலையைச் செய்யும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீர் கலந்த நிலைப்படுத்தி உள்ளே நுழையும்போது கிளைக்கோசனைக் கலத்தின் ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். எல்லாக் கலங்களிலும் சிவப்பு ஒரே திசையில் ஒதுங்கியிருந்தால் அது மீனின் குணமல்ல, போமலின் வந்த திசை. கிளைக்கோசன்தான் உங்கள் கேள்வி என்றால் குளிரூட்டிய மதுசாரப் பூவான் (Bouin) நிலைப்படுத்தியில் ஒரு தனித் துண்டு போடுங்கள்.

கொழுப்புக்கு இந்தக் கூடம் உதவாது. மெழுகு முறையில் மதுசாரமும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், மிஞ்சுவது வெறும் வட்டம். கொழுப்பைக் காட்டும் எண்ணெய்ச் சிவப்புச் சாயத்துக்கு, மெழுகில்லாமல் உறையவைத்து வெட்டும் உறைவெட்டு வேண்டும், அந்தக் கருவி இவர்களிடம் இல்லை. 'வட்ட ஓட்டைகள்' என்று எழுதுங்கள். 'கொழுப்பு' என்று எழுத வேண்டுமானால் உறைவெட்டு உள்ள இடத்துக்குப் போக வேண்டும். பாஸ் ஸ்லைட்டிலும் சிவக்காத, வட்டமான, கருவை ஒதுக்கிய ஓட்டை என்றால் கொழுப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கூடம் கொடுக்கும் படிவத்தில் பெயர், திகதி, இழையம், சாயம் என்ற நாலு கட்டம்தான். ஆண், பெண் எழுத இடமில்லை. இது சின்ன விடயம்போல் தெரியும். ஆனால் ஆண், பெண் என்று குறிக்காத ஈரலால் இந்த வேலையில் ஒரு பயனும் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதுங்கள்: மீனின் இலக்கம், பால், நிறை, ஈரல் நிறை, சூலகம் அல்லது விதையின் நிறை, பிடித்த இடம், பிடித்த நேரம், இரைப்பையில் உணவு இருந்ததா. நேரம் ஏன் என்றால், இரை தின்ற பின்னும் தின்னாத போதும் ஈரலின் கிளைக்கோசன் ஒன்றல்ல. ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் பிடித்தால் பொழுதின் மாற்றம் பருவத்தின் மாற்றமாகத் தெரியும். திலாப்பியாவில் ஆணுக்கு வயிற்றுப் பக்கம் இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. மெதிலீன் நீலம் ஒரு துளி தொட்டு வைத்தால் துவாரங்கள் தெளியும். ஆனாலும் திறந்து சினையா பாலா என்று பார்த்து உறுதிசெய்வதை விடக்கூடாது, சினைத் துண்டு ஒன்றையும் அதே போத்தலில் சேர்த்தே கொடுங்கள். ஈரல் ஸ்லைட்டை வாசிக்கும்போது பக்கத்தில் சூலக ஸ்லைட் இருந்தால், சூல்களில் கருவூண் ஏறத் தொடங்கிவிட்டதா, முட்டையிட்டு முடிந்துவிட்டதா என்று ஐயமில்லாமல் சொல்லலாம்.

ஈரல் நிறைக் குறியெண், அதாவது மீனின் நிறையில் ஈரல் எத்தனை வீதம் என்பது, எளிய கணக்கு. 180 கிராம் மீனில் 2.7 கிராம் ஈரல் என்றால் 1.5. மொத்த நிறையிலிருந்து சினையின் நிறையைக் கழித்துவிட்டுப் போட வேண்டும். இல்லையேல் சினை பெருத்த மாதத்தில் ஈரல் சிறுத்ததுபோல் பொய்யாகத் தெரியும்.

எந்த மீனைக் கொண்டுபோவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். சேனநாயக்க சமுத்திரத்திலும் மற்றக் குளங்களிலும் வாவியிலும் திலாப்பியா எளிதாகக் கிடைக்கிறது. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. பால் வேறுபாடு பார்க்க நல்ல மீன். ஆனால் ஆண்டு முழுக்கத் தனித்தனியாக முட்டையிடும். ஒரே வலையில் ஒன்று சினை முற்றி, மற்றொன்று முட்டையிட்டு முடித்து, இன்னொன்று வாயில் குஞ்சு சுமந்து வரும். வாயில் சுமக்கும் தாய் இரை தின்னாது, அதன் ஈரல் பட்டினி ஈரல். வலையில் மீன் குஞ்சைத் துப்பிவிட்டால் அது உங்களுக்குத் தெரியவும் வராது. ஆகவே திலாப்பியாவை மாதவாரியாகச் சராசரி எடுக்காமல், சூலகத்தின் நிலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மணலை பருவத்தைத் தெளிவாகக் காட்டக்கூடிய மீன், ஆனால் முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். வாவிக்குள் மட்டும் பிடித்தால் முற்றிய பெண் கைக்கு அகப்படுவது அரிது. பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு வெளியே பிடிப்பதையும் சேர்க்க வேண்டிவரும்.

குளிர்நாட்டு நூல்களில் உள்ள பருவத்தை இங்கே பொருத்துவதும் சரிவராது. அங்கே மீனின் ஈரலை நடத்துவது குளிரும் பகலின் நீளமும். இங்கே நீரின் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை. வாடைக்காற்றோடு மழை கொட்டி, முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து, வாவி நீரின் உப்பு இறங்கி, கலங்கல் ஏறி, இரை மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் உப்புத்தன்மையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து எழுதுங்கள். 'கார்த்திகை' என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் மழை பிந்தும்போது ஒப்பிட முடியாது.

ஸ்லைட்டில் கலத்தையும் கருவையும் அளவிடும் வேலையைக் கூடம் செய்து தருவதில்லை, அதற்குப் பணமும் கேட்பதில்லை. அது சரிதான், அளப்பவர் ஆய்வு செய்பவராகவே இருக்க வேண்டும். 10 மைக்கிரோமீற்றர் பிரிவுகள் கொண்ட மேடை அளவுகோலால் உங்கள் நுணுக்குக்காட்டியைச் சரிபார்த்த பின், ஒரு மீனுக்கு 100 கலம் என்று எடுங்கள். கருவன் தெளிவாகத் தெரியும் கருவை மட்டும் அளக்க வேண்டும், ஏனெனில் 5 மைக்கிரோமீற்றர் வெட்டில் பல கருக்கள் ஓரத்தில்தான் வெட்டுப்பட்டிருக்கும். மெழுகு முறையில் கலம் சுருங்கும். ஆகவே இந்தக் கூடத்தின் ஸ்லைட்டில் அளந்ததை வேறொரு கூடத்தின் ஸ்லைட்டோடு எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டாம். 100 கலம் அளந்தாலும் அது ஒரு மீன்தான் என்பதையும் மறக்கக் கூடாது. மாதத்துக்கு இரண்டு மீனில் 200 கலம் அளப்பதைவிட, பத்து மீனில் 30 கலம் வீதம் அளப்பது பல மடங்கு பெறுமதி. ஸ்லைட்டின் இலக்கத்தை மறைத்துவிட்டு இன்னொருவர் எடுத்துத் தர, ஆணா பெண்ணா என்று தெரியாமலே அளவிடுங்கள்.

தவணையைப் பற்றி: சொன்ன நாளுக்குக் கொஞ்சம் பிந்துகிறது, கரண்ட் போகும் நாள்களில் இன்னும் பிந்துகிறது. ஆய்வறிக்கை கொடுக்கும் மாதத்தில் எல்லோரும் ஒன்றாகப் போய் நின்றால் அவர்களும் என்ன செய்வார்கள். இரண்டு மாதம் முன்பே கட்டைகளை ஒப்படைத்துவிடுங்கள். பெயர்ச்சீட்டுக்குப் பேனை வேண்டாம், சைலீனில் மை கரைந்து ஓடும். போத்தலுக்குள் போடும் துண்டுக் கடதாசியும் ஸ்லைட்டின் மங்கலாக்கிய கண்ணாடி முனையும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்லைட்டோடு மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சில மாதம் வைத்திருந்து எறிந்துவிடுகிறார்கள். பரிசோதகர் இன்னொரு சாயம் பார்த்துவரச் சொன்னால், பன்னிரண்டு மாத மீனும் அந்தக் கட்டைக்குள்தான் இருக்கிறது.